‘லிங்க் திறக்கலை சார்’: பள்ளிக் கிளவுட் கோளாறுகளும் கைவைத்தியமும்

பள்ளியில் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், பிரிண்டரில் சிக்கிய தாள் முதல் தொலைந்த பாஸ்வேர்ட் வரை எல்லாம் அவர் தலையில்தான் விடியும். பகிர்ந்த ஃபோல்டர்கள், மாணவர் கணக்குகள், ஆன்லைன் வகுப்பறை எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்ததும் அப்படித்தான். வரும் புகார்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். புரட்டிப் பார்த்தால் சொல்கிற வார்த்தை மாறுகிறதே தவிர, கோளாறு என்னவோ அதே ஏழெட்டுதான். அதனால் ஆசிரியர்கள் வந்து சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக்கியிருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ நேரே அங்கே போய்விடுங்கள். பள்ளிகள் கோப்புகளை இணையத்தில் (அதாவது கிளவுட்டில்) வைத்துப் பகிரப் பயன்படுத்தும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 இரண்டும் வரும்.

எதைத் தொடும் முன்னும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள்? அந்தக் கோப்பின் ஓனர் யார்? திறந்து வைத்திருப்பது அசலா, பிரதியா? என் நோட்டில் இருப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே முடிந்துவிட்டது.

“லிங்க் திறக்கலை, பர்மிஷன் கேக்குது”

‘ரிக்வெஸ்ட் ஆக்சஸ்’ பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் சின்ன வட்டத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் சொந்த ஜிமெயில் படம் இருந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது. கோப்பைப் பகிர்ந்தது உங்கள் பள்ளிக் கணக்குக்கு. நீங்கள் கதவைத் தட்டுவது சொந்தக் கணக்கில்.

ஒரே பிரவுசரில் இரண்டு மூன்று கணக்குகளைத் திறந்து வைத்தால், முதலில் உள்நுழைந்த கணக்கையே கூகுள் இயல்பான கணக்காக எடுத்துக்கொள்ளும். முகவரிப் பட்டையில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தும், ஒரு சாய்கோடும், அடுத்து 0 அல்லது 1 என்ற எண்ணும் தெரியும். 0 என்றால் முதல் கணக்கு, 1 என்றால் இரண்டாவது. அந்த எண்ணை மாற்றி என்டர் தட்டினாலே பல நேரம் கோப்பு திறந்துவிடும். ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். குரோமில் பள்ளிக்கென்று தனி புரொஃபைல் உருவாக்கி, பள்ளி வேலையை அந்த ஜன்னலில் மட்டும் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்துகொண்ட ஆசிரியர்கள் இந்தப் புகாரோடு திரும்ப வந்ததே இல்லை.

‘ரிக்வெஸ்ட் ஆக்சஸ்’ ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? நீங்கள் சொந்தக் கணக்கிலிருந்து அழுத்தினால், ஓனருக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலோடு கோரிக்கை போகும். அவரும் மதிய இடைவேளையில் போனில் பார்த்து, ‘நம்ம டீச்சர்தானே’ என்று அனுமதித்துவிடுவார். அன்றிலிருந்து பள்ளிக் கோப்பு ஒன்று தனிப்பட்ட கணக்கு ஒன்றுக்குத் திறந்தே கிடக்கும். நீங்கள் பள்ளி மாறிப் போனாலும் திறந்தே இருக்கும்.

கணக்கு சரியாக இருந்தும் திறக்கவில்லையா? இனி ஓனர் பக்கம் பார்க்க வேண்டும். ஷேர் பெட்டியில் ‘ரெஸ்ட்ரிக்டெட்’ என்று இருந்தால், பெயர் சேர்த்தவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். பள்ளியின் பெயர் இருந்தால், பள்ளிக் கணக்கு உள்ள எல்லோருக்கும். பெற்றோருக்கு அனுப்பிய லிங்க் திறக்காததற்கு இந்த இரண்டாவதுதான் வழக்கமான காரணம். அனுப்பும் முன் லிங்கை இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். அங்கே எந்தக் கணக்கும் திறந்திருக்காது என்பதால் வெளியாள் காண்பதையே நீங்களும் காண்பீர்கள். ‘எனக்குத் திறக்குதே’ என்பது ஒரு சோதனையே இல்லை. ஓனருக்கு எப்போதும் திறக்கும்.

கூகுள் ஃபார்ம் உள்நுழையச் சொல்கிறதா? பெரும்பாலும் ‘ஒருவருக்கு ஒரு பதில்தான்’ என்ற கட்டுப்பாடோ, ஃபைல் அப்லோட் கேள்வியோ அதில் இருக்கும். இரண்டில் எது இருந்தாலும் கூகுள் கணக்கு இல்லாமல் நிரப்ப முடியாது.

“நேத்து இருந்த ஃபைலைக் காணோம்”

பதற்றத்தோடு வரும் புகார் இது. உண்மையிலேயே அழிந்துபோன கோப்பை நான் பார்த்தது அபூர்வம். நகர்ந்திருக்கும், பெயர் மாறியிருக்கும், அல்லது பார்க்கிறவர் வேறு கணக்கில் இருப்பார்.

‘ஷேர்டு வித் மீ’ என்பது ஃபோல்டர் இல்லை. பிறர் உங்களோடு பகிர்ந்தவற்றின் பட்டியல், அவ்வளவுதான். தேதி வரிசையில் புதியவை மேலே ஏற, பழையவை கீழே அமிழ்ந்துகொண்டே போகும். அடிக்கடி தேவைப்படும் ஃபோல்டருக்கு உங்கள் ‘மை டிரைவ்’வில் (கூகுள் டிரைவில் உங்கள் சொந்தப் பகுதி) ஒரு ஷார்ட்கட் போட்டுவையுங்கள்.

அடுத்து, கோப்பு உங்களுடையதாகவே இருந்து, அதை வைத்திருந்த ஃபோல்டர் வேறொருவருடையதாக இருக்கலாம். அந்த ஃபோல்டரில் திருத்தும் உரிமை உள்ள யாராவது ‘இடத்தை அடைக்குது’ என்று உங்கள் கோப்பை அங்கிருந்து நீக்கினால், கோப்பு அழியாது, வீடில்லாமல் அலையும். டிரைவ் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ‘இஸ்:அன்ஆர்கனைஸ்டு ஓனர்:மீ’ என்று தட்டினால் அப்படி அலைபவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

டிராஷில் கிடந்தால் நாள் கணக்கு முக்கியம். கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள் வைத்திருக்கும், பிறகு தானாக அழித்துவிடும். அதன் பிறகும் பள்ளி அட்மினால் (பள்ளிக் கணக்குகளை நிர்வகிப்பவர்) 25 நாளுக்குள் மீட்டுத் தர முடியும். மைக்ரோசாஃப்ட் பள்ளிக் கணக்கில் ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும். சொந்த ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் கோப்புக் கிடங்கு) என்றால் 30 நாள்தான். தேட வேண்டியது ஓனரின் டிராஷில். உங்கள் டிராஷைக் கிளறிப் பயனில்லை.

பள்ளியை விட்டுப் போனவரின் கோப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஆண்டு இறுதியில் மாற்றலாகிப் போன ஆசிரியையின் கணக்கை நாங்களே ஒழுங்காக நீக்கினோம். ஜூன் மாதம் நாலு ஆண்டு வினாத்தாள் ஃபோல்டரே இல்லை. அத்தனையும் அவர் ‘மை டிரைவ்’வில் இருந்தவை, நாங்கள் எல்லோரும் விருந்தாளிகளாக உள்ளே போய் வந்திருக்கிறோம், அவ்வளவே. கூகுளில் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் அட்மின் திரும்ப உயிர்ப்பிக்கலாம், மைக்ரோசாஃப்டில் 30 நாள். எங்களுக்கு 16ஆம் நாள் நினைவு வந்தது. தப்பித்தோம்.

அன்றிலிருந்து எங்கள் நடைமுறை இது: பள்ளிக்குரிய எதுவும் தனி நபரின் ‘மை டிரைவ்’வில் இருக்கக் கூடாது. ‘ஷேர்டு டிரைவ்’ உருவாக்கி அதில் வைக்க வேண்டும். அங்கே ஓனர் என்று தனி ஆள் கிடையாது. கோப்பு நிறுவனத்துக்கே சொந்தம். யார் வந்தாலும் போனாலும் அது அசையாது. சொந்த ஜிமெயிலில் உருவாக்கிய கோப்பின் உரிமையைப் பள்ளிக் கணக்குக்கு மாற்றப் பார்த்தால் கூகுள் மறுத்துவிடும். பள்ளிக் கணக்கில் திறந்து ‘மேக் எ காப்பி’ கொடுப்பதுதான் எளிய வழி. ஆனால் பழைய திருத்த வரலாறு அந்தப் பிரதியோடு வராது.

மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். சேனலில் போட்ட கோப்பு அந்தக் குழுவின் ஷேர்பாயின்ட்டில் (குழுவின் பொதுக் கிடங்கு) சேரும். தனிச் சாட்டில் போட்ட கோப்பு, அனுப்பியவரின் ஒன்டிரைவில் சேரும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவர் கணக்குப் போனால் சாட்டில் வந்த கோப்பும் கூடவே போகும். எல்லோருக்கும் வேண்டியதைச் சேனலில் போடுங்கள்.

“மார்க் எல்லாம் மாறிப்போச்சு”

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒன்பது ஆசிரியர்கள் ஒரே கூகுள் ஷீட்டில் மார்க் ஏற்றுகிறார்கள். ஒருவருக்குப் பெயர்கள் அகர வரிசையில் வேண்டும். பெயர் இருக்கும் ஒற்றைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட் ரேஞ்ச்’ கொடுக்கிறார். பெயர்கள் அழகாக வரிசையாகி நிற்கும். மார்க்குகள் இருந்த இடத்திலேயே இருக்கும். 38 எடுத்த பையனுக்கு 91, 91 எடுத்தவளுக்கு 38. ஷீட் எந்தப் பிழையும் காட்டாது. அரைமணி நேரம் கழித்து வேறொருவர் கவனிப்பதற்குள் மூன்று பாட ஆசிரியர்கள் அந்தப் புதிய வரிசையின் மேலேயே மார்க் ஏற்றியிருப்பார்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வெர்ஷன் ஹிஸ்டரியை (கோப்பின் பழைய நிலைகளின் பட்டியல்) திறந்து, காலையில் இருந்த வெர்ஷனை ‘ரெஸ்டோர்’ செய்துவிடுவார்கள். பெயரும் மார்க்கும் சேர்ந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு மற்றவர்கள் ஏற்றிய அத்தனையும் போய்விடும். ஒரு கோளாறைத் தீர்க்கப்போய் மூன்று பேரின் உழைப்பைத் துடைத்துவிடுவீர்கள்.

நான் செய்வது இப்படி. எல்லோரையும் அந்த ஷீட்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லி குரூப்பில் ஒரு செய்தி போடுவேன். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, வரிசை குலைவதற்குச் சற்று முந்தைய வெர்ஷனைக் கண்டுபிடிப்பேன். அதன் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி ‘மேக் எ காப்பி’ கொடுப்பேன். இப்போது நல்ல நிலையில் இருந்த ஷீட் தனிக் கோப்பாகக் கையில் இருக்கிறது. அதிலிருந்து பெயர்ப் பத்தியை மட்டும் எடுத்து அசலில் ஒட்டினால், முன்பே ஏற்றிய மார்க்குகள் தத்தம் பெயரோடு சேர்ந்துவிடும். குலைந்த பிறகு ஏற்றியவற்றை மட்டும் அந்தந்த ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். நிறத்தை வைத்து யார் எந்தக் கட்டத்தைத் தொட்டார்கள் என்று வெர்ஷன் ஹிஸ்டரியே காட்டும். திருத்தும் உரிமை இருப்பவர்களுக்குத்தான் அது திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு கட்டத்தில்தான் சந்தேகம் என்றால் இவ்வளவு வேண்டாம். கட்டத்தின் மேல் வலது கிளிக், ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’. யார், எப்போது, முன்பு என்ன எண் என்று வந்துவிடும்.

திரும்ப நடக்காமல் இருக்க, பெயர், வரிசை எண் பத்திகளை ‘புரொடெக்ட் ரேஞ்ச்’ கொடுத்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு பாடத்தின் பத்தியையும் அந்தப் பாட ஆசிரியருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ‘என்னை நம்பலையா’ என்று ஒருவர் முகம் வாடும். அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம்.

‘பாதிப் பசங்க பேரே இல்லை’ என்பது இதற்குத் தம்பி முறை. யாரோ ஃபில்டர் போட்டிருப்பார். ஷீட்டில் ஒருவர் போடும் சாதாரண ஃபில்டர் எல்லோர் திரையிலும் பாதிக்கும். ‘ஃபில்டர் வியூ’ என்று தனியாக உண்டு. அது திறந்து வைத்திருப்பவர் திரையை மட்டும்தான் பாதிக்கும்.

“நான் மாத்தினது அவங்களுக்குத் தெரியலை”

இரண்டு பேரும் ஒரே கோப்பைத் திறந்திருப்பதாக நினைக்கிறார்கள். இல்லை. வேர்ட் கோப்பை டிரைவில் ஏற்றி, ‘சேவ் ஆஸ் கூகுள் டாக்ஸ்’ கொடுத்தால் அதே பெயரில் இரண்டாவது கோப்பு பிறக்கிறது. ஒருவர் இதில் எழுத, மற்றவர் அதில் எழுதுவார். பெயருக்குப் பக்கத்தில் ‘டாக்எக்ஸ்’ என்ற சின்ன முத்திரை இருந்தால் அது வேர்ட் கோப்பு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாகவே அனுப்பும் பழக்கமும் இதே வகைதான். அங்கே போவது பிரதி. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று பெயர்கள் பெருகத் தொடங்கினால் காரணம் இதுவே. லிங்கை மட்டும் அனுப்புங்கள்.

எக்ஸெல் ‘லாக்டு ஃபார் எடிட்டிங்’ என்று தடுத்தால் மூன்றைப் பாருங்கள். கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருக்கிறதா? அதைத் திறக்கப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறதா? ஆட்டோசேவ் அணைந்திருக்கிறதா? இதில் எது இருந்தாலும் பலர் சேர்ந்து எழுத முடியாது. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ சேமித்து, ஆட்டோசேவைப் போட்டுவிட்டால் திறந்துகொள்ளும்.

“எல்லாப் பசங்களும் ஒரே பேப்பர்ல எழுதிட்டாங்க”

கூகுள் கிளாஸ்ரூமில் வேலைத்தாளை இணைக்கும்போது மூன்று தேர்வு வரும்: மாணவர் பார்க்கலாம், மாணவர் திருத்தலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. இரண்டாவதைக் கொடுத்திருப்பீர்கள். வகுப்பே சேர்ந்து ஒரே தாளில் எழுத, ஒருவன் விடையை இன்னொருவன் அழிக்க, கடைசியில் யாரோ கலர் கலராக ஒரு கார் படம் ஒட்டியிருப்பான். ‘ஒவ்வொருவருக்கும் பிரதி’ என்பதை முதலில் பதிவிடும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவிட்ட பிறகு மாற்ற முடியாது. அந்தப் பணியை நீக்கிப் புதிதாகப் போடுவதே வழி. நீக்கும் முன், அதுவரை எழுதியவர்களின் விடையை வெர்ஷன் ஹிஸ்டரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். பாவம், முதலில் உட்கார்ந்து எழுதியவர்கள் எப்போதும் பொறுப்பான பிள்ளைகள்.

“சப்மிட் பண்ணினப்புறம் திருத்த முடியலை” என்று மாணவர் வந்தால் கோளாறு ஒன்றும் இல்லை. ‘டர்ன் இன்’ கொடுத்ததும் திருத்தும் உரிமை போய்விடும். ‘அன்சப்மிட்’ அழுத்தி, திருத்தி, மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு மறுபடி சமர்ப்பித்தால் ‘லேட்’ என்று விழும். அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

“தமிழ் எழுத்து உடைஞ்சிருக்கு”

இதற்கு நிறுவனங்களின் உதவிப் பக்கங்களில் பதில் கிடைப்பது அரிது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய வினாத்தாளை டாக்ஸில் ஏற்றியதும் தமிழ் போய் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டுகிறதா? அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுவது எழுத்துரு. அந்த எழுத்துரு டாக்ஸில் இல்லை, சட்டை கழன்றுவிடுகிறது. அந்தக் கோப்பில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று டிரைவில் தேடினால் வராததும் இதனால்தான்.

கோப்பு கெடவில்லை, யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில், மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். முழுக் கோப்பையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். இடையில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி மென்பொருள் பாமினி என்றே எடுத்துக்கொண்டு கண்டபடி தமிழாக்கிவிடும். அறிவியல் வினாத்தாளில் வேதிச் சமன்பாடுகள் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும்.

மாணவர் பட்டியலை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி எக்ஸெலில் இருமுறை கிளிக் செய்தால் பெயர்கள் விசித்திரக் குறிகளாகத் தெரிவது வேறு நோய். அந்தக் கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது, எக்ஸெல் தவறாகப் படிக்கிறது. வெற்று எக்ஸெலைத் திறந்து, டேட்டா மெனுவில் ‘ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கொண்டுவந்து, ஃபைல் ஆரிஜினில் 65001 என்ற எண்ணோடு இருக்கும் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். உடைந்து தெரிந்ததை அப்படியே சேமித்துவிட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

இன்னொன்று, மண்டையைக் குடையும் வகை. இரண்டு பட்டியலிலும் ‘கோமதி’ இருக்கிறாள், ‘விலுக்அப்’ (ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடிப் பொருத்தும் சூத்திரம்) போட்டால் பொருந்தவில்லை. ‘கோ’வின் துணையெழுத்தை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் எண்கள் வேறு. பெயரை வைத்துப் பொருத்துவதையே விட்டுவிட்டுச் சேர்க்கை எண்ணை வைத்துப் பொருத்துங்கள்.

“ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது”

சொந்த கூகுள் கணக்கென்றால் 15 ஜிபி. அதில் டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றும் பங்கு. நிரம்பினால் மின்னஞ்சலும் வராது. பள்ளிக் கணக்கில் கணக்கே வேறு. கூகுளின் இலவசக் கல்விப் பதிப்பில் முன்பு எல்லையில்லை என்றிருந்தது. 2022 ஜூலையிலிருந்து பள்ளி முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்ற பொதுக் கிணறு. ஆளுக்கு எவ்வளவு என்று அட்மின் வரம்பு வைத்திருக்கலாம். இறைப்பது யார் என்று பார்த்தால் அநேகமாக மீட் வகுப்புப் பதிவுகள். டிரைவின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் கோப்புகள் அளவு வரிசையில் வரும், பெரியது மேலே. நீக்கியதோடு நிறுத்தாமல் டிராஷையும் காலி செய்யுங்கள். அங்கே கிடப்பதும் கணக்கில் சேரும். உங்களோடு பகிர்ந்த கோப்பை நீக்கி இடம் கிடைக்காது. இடம் போவது ஓனர் கணக்கில்.

“சிங்க் சுத்திக்கிட்டே இருக்கு”

கணினியில் இருக்கும் கோப்பையும் கிளவுட்டில் இருப்பதையும் ஒன்றாக்குவதுதான் சிங்க். ஒன்டிரைவ் என்றால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், சாய்கோடு, கோணக்குறி, செங்குத்துக் கோடு எதுவும் பெயரில் கூடாது. ‘அறிவியல்: அலகு 3’ என்பதிலும், தேதியை ‘12/03’ என்று எழுதுவதிலும் இவை புகுந்துவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முழுப் பாதையும் 400 எழுத்தைத் தாண்டினாலும் நின்றுவிடும். இணையமில்லாத இடத்தில் டாக்ஸ் திறக்கவில்லையா? ஆஃப்லைன் வசதியை இணையம் இருக்கும்போதே போட்டுவைக்க வேண்டும். இன்காக்னிட்டோவில் அது வேலை செய்யாது.

“யாரோ உள்ள வந்து எழுதியிருக்காங்க”

மேலே கேபிபாரா, சிறுத்தை என்று மிருகப் பெயர்கள் தெரிகின்றனவா? ‘லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்’ என்று திறந்துவிட்டிருக்கிறீர்கள். உள்நுழையாமல் வருபவர்களுக்கு கூகுள் அப்படித்தான் பெயர் வைக்கும். வெர்ஷன் ஹிஸ்டரியிலும் அவர்கள் பெயர் வராது. யாரென்று பிடிக்க முடியாது. விசாரணையில் இறங்காமல் முதலில் ஷேர் பெட்டியில் ‘ரெஸ்ட்ரிக்டெட்’ ஆக்குங்கள், பிறகு கெடுவதற்கு முந்தைய வெர்ஷனுக்குப் போங்கள்.

கோப்பைப் பூட்டியும் ஆட்கள் தெரிகிறார்கள் என்றால் அது இருக்கும் ஃபோல்டரைப் பாருங்கள். ஃபோல்டரின் அனுமதி உள்ளே வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இறங்கும். மாணவர்களோடு பகிர்ந்த பாடக்குறிப்பு ஃபோல்டரில், ‘இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்’ என்று மார்க் பட்டியலைப் போட்டு வைத்த ஒருவர் எங்களிடமும் உண்டு. பட்டியல் தலைமை ஆசிரியர் மேசைக்குப் போகும் முன்பே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. அந்த ‘ஒருவர்’ நான்தான்.